கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே எத்தனை மணி நேரம்?

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில் மூன்று நாள், தினமும் இரண்டு ஸ்கூபா டைவ். மூன்றாம் நாள் கடைசி டைவ் முடித்து நீர்மட்டத்துக்கு வரப் பிற்பகல் 2 மணி ஆகிவிடும். மாலைப் படகில் போர்ட் பிளேர், மறுநாள் காலை 7 மணிக்குச் சென்னை விமானம். 12 மணி நேர இடைவெளி போதும் என்கிறார்கள் சிலர், 24 வேண்டும் என்கிறார்கள் சிலர். எது சரி? போன முறை டைவ் செய்த மறுநாள் விமானத்தில் கணவருக்கு இடது தோளில் வலி வந்தது. சென்னையில் இறங்கும்போதே விட்டுவிட்டதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
– கோவை வாசகி

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தத் தோள்வலிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மணிக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

12, 24 இரண்டுமே சரிதான், ஆனால் வேறு வேறு ஆட்களுக்கு. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002-இல் கூட்டிய பயிலரங்கில் உருவான வழிகாட்டுதலைத்தான் பொழுதுபோக்கு டைவர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். டெகோ ஸ்டாப் (மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறக் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18. டெகோ ஸ்டாப் போட்டே மேலே வரவேண்டிய ஆழமான டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாகக் கூடுதல். நடைமுறையில் 24-க்குக் குறையக் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கிறீர்களே, அது சேஃப்டி ஸ்டாப். அதை டெகோவாக எண்ண வேண்டாம்.

கடைசியாக நீர்மட்டத்துக்கு வந்த நிமிடத்திலிருந்து விமானம் தரையை விட்டுக் கிளம்பும் நிமிடம் வரைதான் கணக்கு. உங்கள் திட்டத்தில் அது 17 மணி நேரம். மூன்று நாளில் ஆறு டைவ் போட்டவருக்கு அது போதாது. ஒரு மணி நேரம்தானே என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். 18 என்பதே குறைந்தபட்சம்தான். அந்த எண்ணுக்கு அடிப்படையான சோதனைகள் அழுத்த அறைக்குள், உடல் நனையாமல், ஓய்வாக இருந்தவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. நீங்களோ அலையில் நீந்தி, சிலிண்டரைச் சுமந்து படகேறி, வெயிலில் வியர்த்து வந்திருப்பீர்கள்.

ஏன் இவ்வளவு நேரம்? மூச்சுக் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 மடங்கு, அதே அளவுக்கு நைட்ரஜனும் கூடுதலாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்தபின் அது நுரையீரல் வழியே வெளியேற வேண்டும். இரத்தமும் மூளையும் சீக்கிரம் காலி செய்துவிடும். குருத்தெலும்பு, தசைநாண், கொழுப்பு ஆகியவற்றில் இரத்த ஓட்டம் மந்தம், அல்லது நைட்ரஜன் கொள்ளளவு அதிகம். கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் காய்ந்துவிடும், நனைந்த இலவம்பஞ்சு மெத்தை மறுநாளும் உள்ளே ஈரமாக இருக்கும் அல்லவா, அந்தக் கதைதான். தினமும் இரண்டு டைவ் போடும்போது மெத்தை காயும் முன்பே மறுபடி நனைகிறது.

மிச்ச நைட்ரஜனோடு தரையில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. விமானத்தில் கேபின் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்கலாம். கடல்மட்டத்தில் இருப்பதில் அது முக்கால் பங்குதான். கரைந்திருந்த வாயு அங்கே குமிழியாகப் பிரியும். இருக்கும் நுண்குமிழி பெரிதாகும். அழுத்தம் குறைவது மேலேறும் முதல் அரை மணிக்குள்ளேயே முடிந்துவிடுவதால், சென்னைக்கு இரண்டேகால் மணிப் பயணம்தானே என்பது சலுகை ஆகாது.

ஆகவே மூன்றாம் நாள் டைவையே விட்டுவிடுங்கள். ஆறு டைவும் வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகத் தொடங்குங்கள். விமானத்துக்கு முந்தைய பகலை எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்கெலுக்கு வையுங்கள்; நீர்மட்டத்திலேயே மிதந்து பார்ப்பதில் நைட்ரஜன் சேராது. மூச்சடக்கிக் கீழே பாய வேண்டாம். டைவை விடவே மனமில்லை என்றால், காலை 9 மணிக்குள் மேலே வந்துவிடும்படி ஒரே ஒரு ஆழமற்ற டைவ். அப்போது 22 மணி நேரம் கிடைக்கும். இது உங்களுக்கு மட்டும், கணவருக்கு அல்ல.

கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் ‘பறக்காதே’ என்று எச்சரிக்கும் விமானக் குறி அணைந்துவிட்டது, ஆனால் 18 மணி ஆகவில்லை என்றால் 18-ஐயே பிடியுங்கள். 18 தாண்டியும் குறி அணையவில்லை என்றால் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் வாயுவில் டைவ் செய்தாலும் இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

விமானத்தை நினைவில் வைத்திருப்பவர்களும் மலையை மறந்துவிடுகிறார்கள். வழிகாட்டுதல் 2,000 அடியிலிருந்தே (சுமார் 600 மீட்டர்) பொருந்தும். ஏற்காடே 1,500 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர், கிட்டத்தட்ட விமானக் கேபின். புதுச்சேரியில் காலையில் டைவ் செய்துவிட்டு இரவே காரில் கொடைக்கானல் ஏறினால் விமானத்தில் ஏறியதற்குச் சமம்தான்.

இனி உங்கள் கணவரின் தோள். டைவ் செய்த மறுநாள், உயரத்தில் தொடங்கி, கீழிறங்கும்போது விட்டுப்போன மூட்டுவலியை, இல்லை என்று நிரூபிக்கும்வரை அழுத்த நீக்க நோய் என்றே நான் எடுத்துக்கொள்வேன். டைவர்கள் இதை ‘பெண்ட்ஸ்’ என்பார்கள். விமானம் இறங்கும்போது கேபின் அழுத்தம் கூடுகிறது, குமிழி சுருங்குகிறது, வலி தணிகிறது. வலி போனதே நோயின் அடையாளமாக இருக்கலாம். சிலிண்டர் தூக்கியதால் வந்த தசைப்பிடிப்பு என்றால் அமுக்கினால் வலிக்கும், கையைத் தூக்கினால் வலிக்கும். பெண்ட்ஸ் வலி மூட்டின் ஆழத்தில், இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி மந்தமாக இருக்கும். கையை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி. இந்த வித்தியாசத்தை மட்டும் நம்பி வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டாம்.

மற்ற அறிகுறிகளும் இப்படித்தான் ஏமாற்றும்: தூங்கினாலும் போகாத அசதி, விரல்களில் மரமரப்பு, வயிற்றிலோ தொடையிலோ வலை பின்னியது போலச் செவ்வூதாத் திட்டுகள். கால் தளர்வு, தலைசுற்றல், சிறுநீர் பிரியாமை இருந்தால் முதுகுத்தண்டோ மூளையோ உள்காதோ பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

இவற்றில் எது வந்தாலும் விமானம் ஏறாதீர்கள். படுக்கவைத்து, இறுக்கமான மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். டைவ் மையத்தில் அந்த சிலிண்டர் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுப் பாருங்கள். குமட்டல் இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது, மறுபடி கடலில் இறங்கவும் கூடாது. ஆக்சிஜனில் வலி போய்விட்டாலும் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். 18 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் தொடங்கி, ஆக்சிஜன் கொடுத்தபடி படிப்படியாகக் குறைக்கும் வழக்கமான சிகிச்சைக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சிகிச்சை முடிந்தபின் விமானத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். நடுவானில் வலி தொடங்கினால் பணிப்பெண்ணிடம் உடனே சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். இறங்கியதும் வலி போய்விட்டாலும் மருத்துவரிடம் போங்கள்.

கணவர் இம்முறை டைவ் செய்வதற்கு முன் டைவிங் மருத்துவம் தெரிந்த ஒருவர் அவரைப் பார்த்தாக வேண்டும். தோளில் பழைய தசைநாண் கிழிசல் இருக்கிறதா என்று பரிசோதிப்பார். நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே ஒரு சிறு துளை மூடாமல் இருக்கும்; குமிழிகள் அதன் வழியே புகுந்துவிடலாம். மூட்டுவலி மட்டும் என்றால் அதைப் பெரும்பாலும் தேட மாட்டார், மரமரப்போ தோல் திட்டோ சேர்ந்து வந்திருந்தால் எக்கோ எடுக்கச் சொல்லலாம். போகும்போது போன முறை எழுதிய டைவ் லாக்கைக் கொண்டுபோகட்டும்: ஒவ்வொரு டைவின் ஆழம், நேரம், கடைசியாக மேலே வந்த மணி, விமானம் கிளம்பிய மணி, வலி தொடங்கிய மணி. லாக் இல்லை என்றால் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பெரும்பாலும் இருக்கும்; அடுத்த டைவ்கள் அதை அழித்துவிடும் முன் எடுத்து வையுங்கள்.