68 வயது அப்பா உடற்பயிற்சி ஆரம்பிக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, வாக்கிங்கும் உடற்பயிற்சியும் தொடங்கப் போகிறார், முன்கூட்டியே என்ன டெஸ்ட் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார் என்று கேட்டால் யோசிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கைப்பிடி இல்லாத, சுமார் 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். அவர் வயது ஆண்களுக்கு 12க்குக் கீழே போனால் காலில் பலம் குறைவு, விழும் வாய்ப்பு அதிகம். எண்ணிக்கையைவிட அவர் உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். கடைசி அரையடியில் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் தொடைத் தசை தாங்கவில்லை என்று அர்த்தம். அவருக்கு வாக்கிங் மட்டும் போதாது, காலுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும்.

அப்புறம், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் சாதாரணமாக நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் முதலில் பேலன்ஸ் பயிற்சி.

பிரஷரை நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். இதை என் அம்மாவால்தான் அழுத்தமாகச் சொல்கிறேன். 71 வயதில் விடியற்காலை வாக்கிங் கிளம்பியவர், கேட்டருகே தலை சுற்றி, கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அதுவரை நானே அவருக்கு உட்காரவைத்துத்தான் பிரஷர் பார்த்திருந்தேன், எப்போதும் சரியாகவே இருந்தது. அன்று 5 நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தேன், மேல் அளவு 142. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 114. மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், தலைசுற்றல் நின்றது. நின்று 3 நிமிடம் ஆனபிறகும் ஒருமுறை பாருங்கள், சிலருக்கு அப்போதுதான் குறையும்.

டாக்டரிடம் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மெட்டோப்ரோலால், அடினோலால் மாதிரி பிரஷர் மாத்திரை இருந்தால் நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது, அதை வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது. நடக்கும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுவே சரியான அளவுகோல். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் வெறும் வயிற்றில் நடக்க அனுப்பாதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

பாதத்தை நீங்களே தொட்டுப் பாருங்கள், அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவரின் செருப்பைத் திருப்பினேன், சின்ன ஆணி ஒன்று அடியில் ஏறி உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. பெருவிரலுக்குக் கீழே புண். அவருக்கு வலியே இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது. உணர்ச்சி குறைந்த காலுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்போ சரியான ஷூவோ வாங்கிய பிறகுதான் வாக்கிங். விழித்திரைப் பரிசோதனை ஒரு வருடமாகச் செய்யவில்லை என்றால், எடை தூக்கும் முன் அதையும் முடித்துவிடுங்கள்.

இதயம்? சர்க்கரை இருப்பதால் டாக்டரை ஒருமுறை கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்பதை அவர் சொல்வார், எல்லோருக்கும் அது தேவைப்படாது. சர்க்கரைக்காரர்களுக்கு இதயத்தில் அடைப்பு இருந்தும் நெஞ்சுவலி வராமல் போகலாம். ஆறு மாதத்துக்கு முன் சாதாரணமாக ஏறிய மாடிப்படியில் இப்போது மூச்சு வாங்குகிறதா, நடக்கும்போது மயக்கம் வந்ததா என்று உங்கள் அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். அப்பாக்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

எல்லாம் சரி என்றால் முதல் வாரம் பத்து நிமிட நடையும், அந்த நாற்காலியிலேயே எழுந்து உட்காருவதும் போதும். இன்றைய எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதி வைத்து, அடுத்த மாதம் அதே நாற்காலியில் மறுபடி எண்ணுங்கள்.