வெறும் "ஹாய்" அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டீமில் யார் நன்றாக இருக்கிறார்கள், யார் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு டீம் லீட் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் ஒருமுறை நன்றாகக் கோட்டை விட்டவன் என்கிற தகுதியில்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமில் ஒன்பது பேர். ஆபீஸ் சென்னை ஓ.எம்.ஆரில், கிளையண்ட் லண்டனில். கோடைக்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், அதனால் மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்தால் ராத்திரி பத்தரை வரை ஷிஃப்ட். பாதிப்பேர் தங்கியிருந்த பி.ஜி. விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டார்கள். அதில் ஒருவன் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆபீசில் இருந்தவரை அவனைப் பற்றிக் கவலையே பட்டதில்லை. நாலு மணிக்கு டீக்கடைக்குப் போனால் பஜ்ஜி வருவதற்குள் "அண்ணே, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான். ஊருக்குப் போன பிறகு அவனிடமிருந்து வந்ததெல்லாம் "ஓகே", "டன்", "ஷ்யூர்". எனக்கு அது சௌகரியமாக இருந்தது, அதுதான் தப்பு. பிரச்சினை இல்லாத பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு உறுத்தல் அந்தப் பச்சைப் புள்ளி. ஆபீஸ் சாட்டுக்கான டீம்ஸ் ஆப்பில் ஐந்து நிமிஷம் எதையும் தொடாமல் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை போய் மஞ்சளாகிவிடும் இல்லையா, அவனுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அடிக்கடி மஞ்சள். மேனேஜர் கண்ணிலும் பட்டு, "அந்தப் பையன் வேலை பார்க்கிறானா?" என்று கேட்டுவிட்டார். நான் என்ன செய்தேன்? அவனுக்கு "ஹாய்" என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் "சொல்லுங்கண்ணே" என்று உடனே பதில் போட்டிருந்தான். நாற்பது நிமிஷம் கழித்து நான் கேட்டது ஒரு எக்செல் ஷீட், அவ்வளவுதான். அந்த வாரம்தான் பக்கத்து டீமில் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். நாற்பது நிமிஷமும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு, வேலை போனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்ததாகப் பிறகு ஒருநாள் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மஞ்சள் புள்ளியின் காரணம் வெளியே வந்த கதையையும் சொல்ல வேண்டும். எல்லாரும் கேமராவைப் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. போட்டான். மொட்டை மாடி, பின்னால் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி, கொசுவுக்காகத் தலையைச் சுற்றித் துண்டு, மடியில் லேப்டாப். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாமே. சார்ஜ் தீர்ந்தால் கீழே போய் ஏற்றிக்கொண்டு மறுபடி மேலே வர வேண்டும். மஞ்சள் புள்ளியின் ரகசியம் இவ்வளவுதான். மீட்டிங்கில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கேமரா உடனே அணைந்துவிட்டது.

மறுநாள் டீம்ஸை மூடிவிட்டுச் சாதாரணமாகப் போனில் கூப்பிட்டேன். முதல் பத்து நிமிஷம் "நல்லா இருக்கேண்ணே" தான். அப்புறம் மழை, ஊர், பாட்டி என்று பேச்சு போய், நாலு மாசமாக ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை என்பது தெரிந்தது. ஏன்டா என்றால், "வீட்லதானேண்ணே இருக்கேன், என்னன்னு சொல்லி லீவு கேக்க?" என்கிறான்.

அதன்பிறகு சில விஷயங்களை மாற்றினேன். மெசேஜ் அனுப்பினால் முதல் வரியிலேயே விஷயம் இருக்க வேண்டும்: எதற்கு, எப்போதைக்கு வேண்டும், அவசரமா இல்லையா. நிஜமாகவே அவசரம் என்றால் போன். ராத்திரி எனக்குத் தோன்றியதை அப்போதே மெயிலாக எழுதினாலும், ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது போகும்படி நேரம் வைத்துவிடுவேன். மாசம் ஒரு லீவு எடுக்கிறாயா என்று நானே கேட்பேன், ஏனென்றால் நம் ஊரில் ஜூனியர் பிள்ளைகள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள். புள்ளியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மேனேஜரிடம் முடித்த டெஸ்ட் கேஸ் கணக்கைக் காட்டினேன், கொஞ்சம் முணுமுணுத்தார், சரி என்று விட்டுவிட்டார்.

பலிக்காத கூத்துகளும் உண்டு. எச்.ஆர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜூமில் யோகா வகுப்பு வைத்தார்கள், ஷிஃப்டுக்கு நடுவில்! நாள் முழுக்க திரையைப் பார்த்துக் களைத்தவனுக்கு மருந்தாக இன்னொரு திரை. வீடியோ மீட்டிங் ஏன் ஆளை இப்படிக் களைப்பாக்குகிறது என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதியிருந்தார்: முகங்கள் மிகப் பக்கத்தில் உற்றுப் பார்ப்பது, நம் முகத்தையே நாம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, சாதாரணத் தலையாட்டலைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது. படித்ததிலிருந்து தனிப்பட்ட பேச்சுக்குப் போன்தான், நடந்துகொண்டே.

வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் மெசேஜைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017-லிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் அதற்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. அதனால் நம் ஊரில் இப்போதைக்கு அது அந்தந்த லீடின் நல்ல மனசு.

ஒன்று, லீட் மனநல மருத்துவர் இல்லை. தூக்கமே இல்லை, வாழ்வதே பாரமாக இருக்கிறது என்கிற அளவுக்குப் பேச்சு போனால் ஆறுதல் வசனம் பேசாமல் 14416 எண்ணைக் கொடுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை டீம் குரூப்பில் எப்போதும் மேலேயே தெரியும்படி வைத்திருக்கிறேன்.

போனில் கூப்பிடுவது எல்லாருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். இப்போது என் டீமில் ஒரு அக்கா இருக்கிறார், இரண்டு சின்னப் பிள்ளைகள். கூப்பிட்டால் எடுக்கவே மாட்டார். பிள்ளைகள் தூங்கியபிறகு, என் பத்து வரிக்கு இருபது வரியில் பதில் வரும், திட்டுவதாக இருந்தாலும் அதில்தான். நானும் எழுதியே பழகிக்கொண்டேன்.