டச்சு பாஸ்போர்ட்டை நம்பி வெளிக்கிடாதீர்கள்

தம்பி, 2019 கோடையில் நாலு மாதம் லண்டனில் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றதை வைத்து இப்போது செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் பிரிட்டனில் நிரந்தரமாக இருக்கும் உரிமை, எடுத்துத் தரலாம் என்று ஒருவர் 1,500 பவுண்ட் கேட்கிறார், ரொட்டர்டாமில் இருந்து குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது 2020 ஜனவரி 31. ஆனால் ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற எங்களுக்குக் கதவு சாத்தியது அந்த வருடம் டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு. அதற்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் அந்த செட்டில்ட் ஸ்டேட்டஸ் திட்டம். நீங்கள் 2019இலேயே திரும்பிப் போய்விட்டீர்கள். பிந்தி விண்ணப்பிக்க வழி உண்டுதான், ஆனால் அதுவும் அப்படி இருந்தவர்களுக்கே. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு பிந்திய காரணத்தையும் இறுக்கிப் பார்க்கிறார்கள். விண்ணப்பத்துக்கு அரசாங்கமே காசு வாங்குவதில்லை, இவருக்கு எதற்கு 1,500? பழைய திகதி போட்டு ஒரு வாடகைக் கடிதம் செய்து தருவார். பிடிபட்டால் 10 வருடத்துக்கு விசா மறுப்பார்கள், அவருக்கல்ல, உங்களுக்கு. எங்கட ஆட்களை எங்கட ஆட்களே இப்படி ஏமாற்றுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

வருவதென்றால் வேலை விசாவோடு வாருங்கள். அயர்லாந்தில் டப்ளின் என்றால், அது இன்னும் ஒன்றியத்தில் இருப்பதால், உங்கள் பாஸ்போர்ட் இன்றும் செல்லும், அதையும் யோசியுங்கள். வாடகை, பள்ளிக்கூடமெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

நான் 2004இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்தின் ஹாரிச்சில் இறங்கினேன். வானுக்குள் தையல் மெஷின், அரிசி மூட்டை, பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டும் நித்திரை. அதிகாரி பாஸ்போர்ட்டை ஒரு புரட்டுப் புரட்டித் திருப்பித் தந்தார். அவ்வளவுதான். அகதி முகாமில் கையெழுத்து வைக்க வரிசையில் நின்ற எனக்குக் கை நடுங்கியது. லெஸ்டரில் ஒரு அறையில் நாலு பேர், இரவில் கிடங்கு வேலை, பகலில் ஆங்கில வகுப்பு. மூன்றாம் வருடம் நானே சூப்பர்வைசர்.

ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற 2016 வாக்கெடுப்பில் டச்சுக் குடிமகனான எனக்கு வாக்கு இல்லை. வாக்கு இருந்த எங்கட ஆட்கள் சிலர் "இது போலந்துக்காரரைத்தான் பாதிக்கும்" என்று விலகுவதற்கே போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உட்ரெக்ட்டில் இருக்கிற அக்கா, அடுத்த வருடம் நானும் வாறன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. அந்த டிசம்பர் இரவு 11 மணிக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, இனி விசிட்டுக்கு வாறன்" என்றா.