ரோபோட்ஸ் கோப்பில் தடுத்த பக்கம் கூகுளில் இன்னும் வருவது ஏன்?

ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) நீங்கள் போட்ட டிஸ்அலோ என்ற தடை வரியை முதலில் எடுத்துவிடுங்கள். மூன்று வாரமாகத் தடுத்தும் பழைய விலைப்பட்டியல் பக்கம் கூகுளில் வருகிறது என்றீர்களே, அது போகாமல் இருப்பதே அந்த வரியால்தான்.

ரோபோட்ஸ் கோப்பு தேடுபொறியிடம் "உள்ளே வராதே" என்று மட்டும்தான் சொல்லும். "பட்டியலில் சேர்க்காதே" என்று சொல்லாது. வேறொரு தளம் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தால், கூகுள் உள்ளே படிக்காமலேயே முகவரியைச் சேர்த்துக்கொள்ளும். விளக்கம் இல்லாமல் தலைப்பு மட்டும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இதற்கு அடையாளம். பக்கத்தில் நீங்கள் போட்ட நோஇண்டெக்ஸ் மெட்டா டேக், அதாவது "பட்டியலில் சேர்க்காதே" என்று பக்கத்தின் நிரலில் எழுதும் குறிப்பு, சரியானதுதான். ஆனால் பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் உள்ளே வந்தால்தானே அதைப் படிக்கும்?

1. தடையை நீக்குங்கள். டேக் அப்படியே இருக்கட்டும்.

2. தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து நேரலைச் சோதனை ஓட்டுங்கள். நோஇண்டெக்ஸ் இருப்பதாகக் காட்டினால் வழி திறந்துவிட்டது. அடுத்த முறை பாட் வந்து போனதும் பக்கம் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

நோஇண்டெக்ஸை ரோபோட்ஸ் கோப்பிலேயே எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் அதை ஏற்பதில்லை. பிடிஎஃப் கோப்பாக இருந்தால் மெட்டா டேக் போட முடியாது, நோஇண்டெக்ஸை எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் ஹெட்டராக (கோப்போடு சேர்ந்து போகும் குறிப்பாக) சர்வரிலிருந்து அனுப்ப வேண்டும்.

அவசரத்துக்கு சர்ச் கன்சோலில் அகற்றும் கருவி உண்டு, ஆனால் அது சுமார் 6 மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். விலைகள் வெளியாள் கண்ணில் படவே கூடாது என்றால் இது எதுவும் போதாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள்.