அப்ராக்ஸியா குழந்தைக்கு எந்தத் தெரபி? (கேள்வி பதில்)

பலர் 'டாக்டர்' என்று விளித்து எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, ஸ்பீச் தெரபிஸ்ட். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். அப்ராக்ஸியா என்றால், சொல்ல நினைத்ததை வாயால் சொல்வதற்கு வேண்டிய அசைவுகளைத் திட்டமிடுவதில் மூளை தடுமாறும் பேச்சுக் குறைபாடு.

மேடம், மகனுக்கு மூன்றரை வயது. ஒருவர் 'லேட்டாகப் பேசுவான், விடுங்கள்' என்கிறார். இன்னொருவர் அப்ராக்ஸியா என்கிறார். யாரை நம்புவது?

காது பரிசோதனை ஆகிவிட்டதா? இல்லையென்றால் முதலில் அது. அப்புறம் 'பந்து' என்று ஐந்து முறை சொல்ல வைத்துப் பாருங்கள். 'ர' வராத குழந்தை எப்போதும் 'ல' என்றுதான் சொல்லும். தப்பு ஒரே மாதிரி இருக்கும். அப்ராக்ஸியாவில் ஒரு தடவை 'பத்து', அடுத்த தடவை 'மந்து', அதற்கடுத்து 'அது' என்று மாறிக்கொண்டே போகும். உயிரெழுத்துகூடத் தடம் மாறும். அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2007இல் சொன்ன மூன்று அடையாளங்களில் இது முதலாவது. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குப் போகும்போது இழுபறி, பேச்சின் ஏற்ற இறக்கம் பொருந்தாமல் போவது, இவை மற்ற இரண்டு. வீட்டில் பார்ப்பது ஒரு குறிப்புக்குத்தான். முடிவைத் தெரபிஸ்ட் சொல்லட்டும். மூன்று வயதுக்குள் அவராலும் அடித்துச் சொல்வது கஷ்டம். 'அப்ராக்ஸியாவாக இருக்கலாம்' என்று எழுதிக்கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம், தப்பில்லை.

எட்டு மாதமாகத் தெரபிக்குப் போகிறோம். விசில் ஊதுகிறாள், சோப்புக் குமிழி விடுகிறாள், நாக்கை மேலும் கீழும் ஆட்டுகிறாள். பேச்சு மட்டும் வரவில்லையே?

வராது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், வாரம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது.

அப்ராக்ஸியாவில் தசை பலவீனமாக இல்லை. உதட்டில் ஒட்டியதை அழகாக நக்கி எடுக்கிற அதே நாக்கு, 'லா' என்று சொல்லச் சொன்னால் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். அசைவுகளை வரிசைப்படுத்தி வாய்க்கு அனுப்புகிற வேலையில்தான் மூளை தடுமாறுகிறது. கரையில் நின்று கை வீசினால் நீச்சல் வருமா? பேச்சு, பேசிப் பழகினால்தான் வரும்.

அடுத்த வகுப்பில் ஒன்று செய்யுங்கள். ஒரு தாளில், குழந்தை ஒரு சொல்லை முயற்சி செய்யும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் பதினைந்து கோடுதான் விழுந்தது என்றால், பொம்மையை எடுப்பதிலும் அடுக்குவதிலும் நேரம் போய்விட்டது. ஐம்பது, நூறு என்று விழ வேண்டும். நானே என் வகுப்பில் கோடு போட்டு எண்ணிப் பார்த்து வெட்கப்பட்ட நாள் உண்டு.

டிடிடிசி, ரெஸ்ட், நஃபீல்டு, பிராம்ப்ட் என்று இத்தனை சிகிச்சை முறைகள்... தலை சுற்றுகிறது. எது நல்லது?

பேச்சு மிகக் குறைவாக உள்ள சின்னக் குழந்தைக்கு நான் டிடிடிசி பக்கம் சாய்வேன். எடித் ஸ்ட்ராண்ட் உருவாக்கிய முறை. குழந்தையும் நானும் முகம் பார்த்து உட்காருவோம். 'வா' என்று இருவரும் சேர்ந்து, இழுத்து, மெதுவாகச் சொல்வோம். பிடிபட்டதும் என் குரலைத் தணித்து வாயை மட்டும் அசைப்பேன். பிறகு நான் சொன்னதும் அவன் சொல்வான். பிறகு இரண்டு நொடி காக்க வைத்துச் சொல்ல வைப்பேன். தடுமாறினால் மறுபடி சேர்ந்து சொல்வது. ஐந்தாறு சொற்களே போதும், ஆனால் அவனுக்குத் தினமும் வேண்டிய சொற்களாக இருக்க வேண்டும்: 'வா', 'போ', 'தா', 'வேணாம்'.

ரெஸ்ட், சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவானது. அர்த்தமில்லாத நீளச் சொற்களைச் சொல்ல வைப்பார்கள். ஓரளவு பேசுகிற, நான்கு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு. லண்டனில் பிறந்த நஃபீல்டு, படங்களை வைத்து ஒலி, அசை, சொல் என்று படிப்படியாகக் கட்டும். இந்த இரண்டையும் 2015இல் ஆஸ்திரேலியாவில் 26 குழந்தைகளிடம் ஒப்பிட்டார்கள். தினம் ஒரு மணி நேரம், வாரம் நான்கு நாள், மூன்று வாரம். இரண்டிலுமே முன்னேற்றம் தெரிந்தது. அந்த நான்கு நாளைக் கவனியுங்கள். பிராம்ப்டில் தாடையையும் உதட்டையும் தொட்டு வழிகாட்டுவார்கள். அதற்கெனப் பயிற்சி பெற்றவர்தான் செய்யலாம்.

வாரம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது.

இரண்டு அரை மணி நேரமாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஐந்து ஐந்து நிமிடமாகத் தினம் மூன்று தடவை, தெரபிஸ்ட் கொடுத்த அதே சொற்கள். நீங்களாகப் புதுச் சொல் சேர்க்காதீர்கள்.

வணக்கம் அம்மா, பேத்திக்கு டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் பேசும் செயலி கொடுத்திருக்கிறார்கள். இதற்குப் பழகிவிட்டால் வாய் திறக்கவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு, ஐயா. 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப்பட்ட உதவிகளால் யாருக்கும் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. நினைத்ததைச் சொல்ல வழி கிடைத்தால் பிள்ளையின் ஆத்திரமும் அடங்கும். நீங்களும் அந்தப் படங்களைத் தொட்டு அவளோடு பேசுங்கள்.

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். ஒன்றை விட்டுவிடலாமா?

வேண்டாம். தமிழிலேயே 'படம்', 'பாடம்' என்று குறில் நெடில் பழக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை வெட்டினால் அப்ராக்ஸியா சரியாகுமா?

ஆகாது.

புதிய தெரபிஸ்டிடம் போனில் என்ன கேட்பது?

அப்ராக்ஸியா குழந்தைகளைப் பார்த்த அனுபவம் உண்டா, எந்தச் சொற்களில் தொடங்குவார், ஏன் அவை, நான் அறைக்குள் உட்காரலாமா. கடைசிக் கேள்விக்கு 'கூடாது' என்றால், வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது என்று உங்களுக்கு யார் காட்டுவார்கள்? 'மூன்று மாதத்தில் பேச வைக்கிறேன்' என்று நாள் குறித்துக் கொடுப்பவரிடம் முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.