அலெக்ஸ் வீணாய்ப் போனாரா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அர்ஜென்டினா கால்பந்து ஆட்டக்காரர் ரிகேல்மே பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். யூடியூப் தானாகவே பிரேசிலின் அலெக்ஸ் டி சோசாவைக் கொண்டுவந்து நிறுத்தியது. அப்புறம் விடிய விடிய அவரைத்தான் பார்த்தேன். என்ன ஒரு இடது கால்! ஆனால் விவரம் தேடப்போனால் மனசு விட்டுப்போகிறது. ஒரு உலகக்கோப்பையில்கூட ஆடவில்லை. ஸ்பெயினிலோ இங்கிலாந்திலோ ஆடவில்லை. இத்தாலியில் பெயருக்கு இருந்திருக்கிறார். நல்ல வயதையெல்லாம் துருக்கியில் கழித்திருக்கிறார். “எலானோ மெட்ராசுக்கு வந்த மாதிரிதான், காசுக்குப் போனவன்” என்கிறான் என் அறைத்தோழன். பிரேசில்காரர்கள் வெளிநாட்டு கிளப்புகளுக்குப் போவதே இப்படி முடிவதற்குத்தானா? அலெக்ஸ் தன் திறமையை வீணடித்துவிட்டார் என்று சொல்லலாமா? அவர் ஆடிய ஒரு முழு ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது?

அன்புடன்,
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் அறைத்தோழரின் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். எலானோ 2014இல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தபோது அவருக்கு 33 வயது. சாந்தோஸ், ஷாக்தார், மான்செஸ்டர் சிட்டி, கலாட்டாசரே எல்லாம் பார்த்து, 2010 உலகக்கோப்பையில் 2 கோலும் போட்டு முடித்தவர். அப்படியும் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்தில் 8 கோல் அடித்து, அதிக கோலுக்கான விருதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். காசுக்கு வந்தவர் என்றால் வாங்கிய காசுக்கு வேலை செய்துவிட்டுப் போனவர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அலெக்ஸ் கதை வேறு. 2004 கோடையில் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே அவரை வாங்கியபோது அவருக்கு 26 வயது. அதற்கு முந்தைய ஆண்டு க்ருசெய்ரோ அணி அவர் தலைமையில் மாநிலப் பட்டம், பிரேசில் கோப்பை, தேசிய லீக் மூன்றையும் ஒரே வருடத்தில் அள்ளியிருந்தது. லீக் ஆட்டங்கள் 46, அணி எடுத்த புள்ளிகள் 100, போட்ட கோல்கள் 102. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ‘ப்ளகார்’ இதழின் தங்கப் பந்து அவருக்குத்தான். 2004 ஜூலையில் பெருவில் அர்ஜென்டினாவை பெனால்டியில் வென்று பிரேசில் கோப்பா அமெரிக்காவை எடுத்தபோது கோப்பையைத் தூக்கிய கேப்டனும் அவர்தான். ஓய்வுக்குப் போகிற ஆள் இப்படிப் போவதில்லை.

அப்படிப்பட்டவரை ஏன் பெரிய லீகுகள் எடுக்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் கரு. அதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று வெறும் வியாபாரம், அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

அலெக்ஸ் பிறந்தது குரிச்சிபாவில். அந்த ஊரின் கொரிச்சிபா கிளப்பில் தொடங்கி, 1997இல் சாவோ பாலோவின் பால்மெய்ராசுக்குப் போனார். அன்று பால்மெய்ராசுக்குப் பின்னால் பணம் போட்டது இத்தாலியின் பால் நிறுவனமான பார்மலாட். இத்தாலியின் பார்மா கிளப்பும் அதே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1999இல் ஸ்கொலாரியின் பயிற்சியில் பால்மெய்ராஸ், தென் அமெரிக்க கிளப்புகளுக்கான லிபெர்தாடோரஸ் கோப்பையை வென்றது. அரையிறுதியில் ரிவர் பிளேட்டை 3–0 என்று கவிழ்த்த ஆட்டத்தில் 2 கோல் அலெக்ஸ் போட்டவை. அதன்பின் அவர் பார்மாவின் சொத்து ஆனார். ஆனால் பார்மாவில் ஆடியது குறைவு. ஃப்ளமெங்கோ, மறுபடி பால்மெய்ராஸ், க்ருசெய்ரோ என்று இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பார்மா சட்டையில் அவர் இறங்கிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஆட்டக்காரரின் 23, 24 வயது இப்படிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கழிந்தது. 2003 இறுதியில் பார்மலாட் மாபெரும் மோசடி அம்பலமாகிக் கவிழ்ந்தது. அதற்குள் அலெக்ஸ் க்ருசெய்ரோவுக்கு நிரந்தரமாகவே வந்து சேர்ந்திருந்தார், நல்லவேளை.

இரண்டாவது விடை ஆட்டத்தைப் பற்றியது.

அலெக்ஸ் ஓட மாட்டார். ரசிகர்கள் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் உண்மை அதுதான். அவர் காணொளிகளில் பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். சந்தை கலைகிற நேரத்துக்காகக் காத்திருந்து, ஒன்றும் வாங்காமல் சுற்றிவருகிற ஆள் போல நடந்துகொண்டிருப்பார். எதிரணியின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே எங்கே இடம் விழப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். பந்து வரும்போது அங்கே நிற்பார். முதல் தொடுதலிலேயே பாஸ் போய்விடும். பந்து அவர் காலைவிட்டுப் போன பிறகு மெதுவாகப் பெனால்டி பெட்டிக்குள் நடந்து வருவார், தடுப்பாளர்கள் ஸ்ட்ரைக்கரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது வந்து முடித்துவிட்டுப் போவார். அவர் கோல்களில் பெரும்பகுதி ஓடிப் போட்டதாகத் தெரியாது, அங்கே ஏற்கெனவே இருந்ததாகத்தான் தெரியும்.

இப்படி ஒருவரை அணியில் வைத்துக்கொள்வது என்றால், மற்றவர்கள் அவருக்காகக் கூடுதலாக ஓடச் சம்மதிக்க வேண்டும். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் மாடாக உழைக்க வேண்டும். 2000களின் ஐரோப்பா அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. ஆட்டத்தைக் கட்டியமைக்கிற 10ஆம் எண்காரரும் பந்து போனதும் திரும்பி ஓடிவந்து தடுக்க வேண்டும் என்பது அங்கே விதியாகிக்கொண்டிருந்தது. காகா மிலானில் கொடிகட்டிப் பறந்தார் என்றால், அவரால் பந்தோடு நாற்பது மீட்டர் ஓட முடிந்தது. ரிகேல்மேயை பார்சிலோனா ஒரே வருடத்தில் வெளியே அனுப்பிவிட்டது. வியாரியல் அவரைச் சுற்றியே அணியைக் கட்டியதால் 2006இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை போனது. பிரேமனில் ராஜாவாக இருந்த டியேகோ, ஜுவென்டசில் ஒரு பருவம்கூடத் தாண்டவில்லை. இவர்கள் எவரிடமும் திறமை குறைவில்லை.

உலகக்கோப்பைக் கதையும் இதன் கிளைதான். 2002 மார்ச்சில் மொரும்பி மைதானத்தில் சாவோ பாலோவுக்கு எதிராக அவர் போட்ட கோலை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பந்தைத் தடுப்பாளரின் தலைக்கு மேல் ஒரு தூக்கு, கோல்கீப்பர் ரொஜேரியோ செனியின் தலைக்கு மேல் இன்னொரு தூக்கு. இரண்டு மாதம் கழித்து, பிரேசில் பயிற்சியாளராகியிருந்த ஸ்கொலாரி அறிவித்த உலகக்கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. லிபெர்தாடோரசை அலெக்ஸை வைத்து வென்ற அதே ஸ்கொலாரிதான். போட்டி தொடங்கும் முன் கேப்டன் எமெர்சன் பயிற்சியில் கோல்கீப்பராக நின்று தோளைப் பெயர்த்துக்கொண்டார். அந்த இடத்துக்கும் கொரிந்தியன்ஸின் ரிகார்டின்யோவைத்தான் கூப்பிட்டார்கள். ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத ரணம் இது. ஆனால் ஸ்கொலாரி தவறு செய்தார் என்று எப்படி வாதிடுவது? 7 ஆட்டமும் வென்று கோப்பையோடு திரும்பிய ஆளிடம்? ரிவால்டோ, ரொனால்டின்யோ, ரொனால்டோ மூவரையும் முன்னால் நிறுத்திய அணியில், நடக்கிற நான்காவது ஆளுக்கு இடமில்லை. 2006இல் பயிற்சியாளர் பரெய்ராவும் அவரை விட்டுவிட்டார், ரிகார்டின்யோவை மறுபடி கூட்டிப்போனார். அந்த முறை பிரேசில் காலிறுதியில் பிரான்சிடம் படுத்தது. அங்கே வேண்டுமானால் நாம் கொஞ்சம் முணுமுணுத்துக்கொள்ளலாம்.

ஃபெனர்பாச்சே அந்த விலையைக் கொடுத்தது. எட்டு வருடம் கொடுத்தது. இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருக்கும் கடிகோய் பகுதியின் கிளப் அது. ஊரே கால்பந்தால் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து கிடக்கும் இடம். கேப்டன் பட்டையை ஒரு பிரேசில்காரருக்குக் கட்டிவிட்டார்கள். முதல் பருவத்திலேயே லீக் பட்டம். 2006–07, கிளப்பின் நூற்றாண்டு. பயிற்சியாளர் பிரேசிலின் பழைய நட்சத்திரம் ஜீக்கோ, பட்டம் மறுபடி, அதிக கோல் போட்டவர் அலெக்ஸ், 19. ஜீக்கோவுக்கு அலெக்ஸின் நடையை விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரும் 10ஆம் எண்ணில் வாழ்ந்தவர். (பின்னாளில் ஜீக்கோ எஃப்.சி. கோவாவுக்கு வந்தபோது நம்மவர்கள் அவரைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்த்தார்கள் என்பது என் பழைய புலம்பல், இங்கே வேண்டாம்.)

2010–11இல் அவருக்கு 33 வயது. அந்தப் பருவத்தில் 28 லீக் கோல், ஒரு நடுக்கள ஆட்டக்காரர்! ட்ராப்ஸோன்ஸ்போரும் ஃபெனர்பாச்சேயும் 82 புள்ளிகளில் சமமாக நின்று, பட்டம் ஃபெனர்பாச்சேக்கு வந்தது. மொத்தத்தில் அந்தச் சட்டையில் 340ஐத் தாண்டிய ஆட்டங்கள், 170ஐத் தாண்டிய கோல்கள். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல்.

இழப்புகளையும் சொல்ல வேண்டும். 2006இல் கடைசி நாள் தெனிஸ்லியில் 1–1 என்று சமன் செய்து பட்டத்தைக் கலாட்டாசரேயிடம் கொடுத்தார்கள். 2010இல் அதைவிடக் கொடுமை. கடைசி நாள் சொந்த மைதானத்தில் 1–1. பட்டத்துக்குப் போட்டியாக இருந்த புர்சாஸ்போரின் ஆட்டமும் சமனாகிவிட்டது என்று ஒலிபெருக்கியில் தவறாக அறிவித்துவிட்டார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கொண்டாடினார்கள். உண்மையில் புர்சாஸ்போர் வென்று ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியனாகியிருந்தது. 2011 கோடையில் ஆட்ட முறைகேட்டு விசாரணை வந்து கிளப் தலைவர் கைதானார் (பின்னர் மறுவிசாரணையில் விடுவிக்கப்பட்டார்), சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் பறிபோனது. அலெக்ஸ் இருந்தார். கிளம்ப வேண்டுமென்றால் அப்போதே கிளம்பியிருக்கலாம். கடிகோய்க்காரர்கள் அவர்மேல் வைத்த பாசத்தில் பாதி அந்த வருடத்துக்கானது என்று நினைக்கிறேன்.

அப்புறம் 2012 செப்டம்பர். மைதானத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் ரசிகர்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அவரே வந்தார். ஒரு மாதம்கூட முழுதாக நகரவில்லை, அணியிலிருந்து நீக்கப்பட்டு, அக்டோபர் தொடக்கத்தில் ஒப்பந்தம் முறிந்தது. பயிற்சியாளர் அய்குட் கொஜமானோடு மோதல். கொஜமான் சாதாரண ஆள் இல்லை. அதே கிளப்பின் பழைய கோல் மன்னன். அவருடைய பழைய கோல் கணக்கை அலெக்ஸ் நெருங்கியதுதான் காரணம் என்று அன்று ஒரு பேச்சு ஓடியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 35 வயதில் நடக்கிற ஒருவரைச் சுற்றி இனியும் அணியைக் கட்ட முடியாது என்று ஒரு பயிற்சியாளர் முடிவெடுத்தார், அவ்வளவுதான். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் ஆளுக்குச் சிலை நிற்கும் ஊரில் அவரைப் பெஞ்சில் உட்கார வைப்பது எப்படி? அலெக்ஸின் வீட்டு வாசலில் கூட்டம் கூடி அழுதது. கொஜமானைத் திட்டாத வாய் இல்லை.

உங்கள் அறைத்தோழர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆயுதத்தையும் நானே தந்துவிடுகிறேன். அலெக்ஸ் வெளியேறிய அதே பருவத்தில், கொஜமானின் ஃபெனர்பாச்சே யூரோப்பா லீக் அரையிறுதிவரை போனது. ஐரோப்பியப் போட்டிகளில் அந்தக் கிளப் அதற்குமுன் அவ்வளவு தூரம் போனதில்லை. பென்ஃபிகாவிடம் 3–2 கணக்கில்தான் விட்டார்கள். எல்லோரும் ஓடுகிற அணி ஐரோப்பாவில் மேலும் தூரம் போகும் என்பது அங்கேயே நிரூபணமாகிவிட்டது. நான் இதை மறுக்கவில்லை. ஆனால் பூங்காவில் நிற்கிற சிலை அந்த அரையிறுதி அணியில் இருந்த எவருக்கும் இல்லை. அந்த ரசிகர்கள் விலையைத் தெரிந்தே கொடுத்தவர்கள். வீணாய்ப் போனார் என்று தூரத்திலிருந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் வேலை செய்த இடத்தில் இருந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வெளிநாடு போகிற பிரேசில்காரர்களைப் பற்றிப் பொதுவாகக் கேட்டிருந்தீர்கள். ஜூனின்யோ பெர்னாம்புகானோ பிரான்சின் லியோனில் தொடர்ந்து 7 பட்டம் வென்றார், அதற்குமுன் லீகையே வெல்லாத கிளப்புக்கு. அவரும் மாட்ரிட் போகவில்லை. நமக்கு டிவியில் வந்த லீக் எது என்பதை வைத்து அவர்கள் வாழ்க்கையை அளக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அலெக்ஸ் 2013இல் கொரிச்சிபாவுக்கே திரும்பி, 2014 இறுதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் கடைசி இரண்டு வருடம் சும்மா இருக்கவில்லை. ஓய்வே இல்லாத ஆட்ட அட்டவணைக்கும் சம்பள பாக்கிக்கும் எதிராக பிரேசில் ஆட்டக்காரர்கள் தொடங்கிய ‘பொம் சென்சோ’ இயக்கத்தில் முன்னால் நின்றார். பிறகு பயிற்சியாளர் ஆகி, 2024இல் அன்தாலியாஸ்போருக்காகத் துருக்கிக்கே மறுபடி போனார்.

முழு ஆட்டம் கேட்டீர்கள். கோல் தொகுப்புகளில் தொடங்காதீர்கள், அவற்றில் அவர் நடப்பதை வெட்டிவிடுவார்கள். 2008 ஏப்ரல் 2, கடிகோயில் செல்சியுடன் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி முதல் ஆட்டம். ஃபெனர்பாச்சேயின் டெய்விட் சொந்த வலைக்குள் ஒன்று போட்டு, கசிம்-ரிச்சர்ட்ஸ் சமன் செய்து, அதே டெய்விட் தூரத்திலிருந்து அடித்து 2–1 என்று வென்ற ஆட்டம். அதில் அலெக்ஸ் கோல் போடவில்லை. முதல் பாதியில் பந்தைப் பாருங்கள், இரண்டாம் பாதியில் அவரை மட்டும் பாருங்கள். லண்டனில் 2–0 என்று தோற்ற மறு ஆட்டத்தையும் பொறுமை இருந்தால் பாருங்கள், உங்கள் அறைத்தோழரோடு சேர்ந்தே.

அன்புடன்.