ரன் பொத்தானை அழுத்தினால் ஏன் ஓடவில்லை? எக்லிப்ஸ், வீஎஸ் கோட் தொடக்க அமைப்புகள்: கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கமும் வெப் அப்ளிகேஷன் செய்து பழகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பவை இவை. கோட் சரியாகத்தான் இருக்கும், ஓட விடும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். முதலில் ஒன்று சொல்லி வைக்கிறேன். எக்லிப்ஸ், வீஎஸ் கோட் இரண்டும் நாம் கோட் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்கள். எக்லிப்ஸில் நாம் அழுத்தும் பச்சைப் பொத்தான் ஒரு நீண்ட ஜாவா கட்டளையை நமக்காக எழுதி ஓட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டளையை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, நேற்று இரவு வரை டொம்காட் ஓடியது. இன்று 8005, 8080 போர்ட்டுகள் ஏற்கெனவே பாவனையில் இருக்கு என்று சொல்லுது. நான் ஒன்றும் மாற்றவில்லை.

டொம்காட் என்பது ஜாவா வெப் அப்ளிகேஷனை ஓட்டும் சேர்வர், போர்ட் என்பது அது காத்திருக்கும் வாசல் இலக்கம். நேற்று ஓடிய டொம்காட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது தங்கச்சி. எக்லிப்ஸ் இறுகிப்போய் டாஸ்க் மனேஜரில் மூடியிருப்பீர்கள். அப்படி மூடினால் எக்லிப்ஸ் போய்விடும், அது கிளப்பிவிட்ட ஜாவா உள்ளே தங்கிவிடும். லப்டொப்பை மூடித் திறந்தாலும் அது போகாது. விண்டோஸில் ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து, நெட்வேர்க் பக்கத்தில் 'லிஸனிங் போர்ட்ஸ்' பட்டியலில் 8080 ஐத் தேடுங்கள். எந்த ப்ரொசஸ், அதன் எண் என்ன என்று அங்கேயே இருக்கும். ஜாவா என்றால் டாஸ்க் மனேஜரில் அந்த எண்ணைப் பார்த்து முடித்துவிடலாம்.

அங்கே 'டிஎன்எஸ்லிஸ்னர்' என்று தெரிந்தால் கதை வேறு. பாடத்துக்காக ஒரக்கிள் எக்ஸ்பிரஸ் 11 டேட்டாபேஸ் போட்டிருக்கிறீர்கள், அதுவும் 8080 ஐத்தான் பிடிக்கும். அதை நிறுத்த வேண்டாம். எக்லிப்ஸின் சேர்வர்ஸ் பகுதியில் டொம்காட்டை இரண்டு தரம் கிளிக் பண்ணி, போர்ட்ஸ் என்ற இடத்தில் 8081 என்று மாற்றி சேமியுங்கள். சேமிக்க மறந்துவிட்டு "மாற்றியும் வேலை செய்யவில்லை" என்று வருபவர்கள் நிறையப் பேர்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: சேர்வர் ஸ்டார்ட் ஆகிவிட்டது. லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று அடித்தால் 404, பக்கம் இல்லை என்கிறது. டொம்காட்டின் பூனைப் படம்கூட வரவில்லை.

பூனை வராதது பிழை இல்லை. எக்லிப்ஸ் டொம்காட்டை அதன் சொந்த போல்டரில் வைத்து ஓட்டுவதில்லை. உங்கள் வேர்க்ஸ்பேஸுக்குள் மறைந்திருக்கும் மெட்டாடேட்டா போல்டரில் தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கிறது. அந்தப் பிரதியில் பூனைப் பக்கம் கிடையாது. முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ப்ரொஜெக்டின் 'கொன்டெக்ஸ்ட் ரூட்' பெயரையும் (முகவரியில் அந்த ப்ரொஜெக்டைக் குறிக்கும் பெயர்) சேர்த்து அடியுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் 404 தான்.

ப்ரொஜெக்டின் பெயரை இடையில் மாற்றினீர்களா? அப்படியென்றால் கொன்டெக்ஸ்ட் ரூட் பழைய பெயரிலேயே நிற்கும். ப்ரொஜெக்ட் ப்ரொபர்டீஸில் 'வெப் ப்ரொஜெக்ட் செட்டிங்ஸ்' போய்த் திருத்துங்கள். பிறகு சேர்வரிலிருந்து ப்ரொஜெக்டை எடுத்துவிட்டுத் திரும்பச் சேருங்கள்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு தங்கச்சி: எனக்கும் 404 தான் அண்ணா. ஆனால் முகவரி சரி. எச்டிஎம்எல் பக்கம் வருது, சேர்வ்லெட் (சேர்வரில் ஓடிப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) மட்டும் வருதில்லை. கோடில் ஒரு சிவப்புக் கோடும் இல்லை.

டொம்காட் 10 அல்லது அதற்குப் பிந்தியது போட்டிருக்கிறீர்கள், பழைய நோட்ஸைப் பார்த்து 'ஜாவாஎக்ஸ்' என்று இம்போர்ட் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜாவா ஈஈ (சேர்வ்லெட் எல்லாம் அடங்கிய தொகுதி) ஒரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கை மாறியபோது 'ஜாவாஎக்ஸ்' என்ற பெயரைத் தொடர்ந்து கையாள உடன்பாடு ஏற்படவில்லை. அதனால் டொம்காட் 10 முதல் எல்லாம் 'ஜகார்த்தா' என்ற பெயரில் வருகிறது. பழைய சேர்வ்லெட் ஜார் பைலை லிப் போல்டரில் போட்டிருந்தால் கோட் கம்பைல் ஆகிவிடும். டொம்காட்டோ சேர்வ்லெட்டின் முகவரியைச் சொல்லும் பழைய அனோட்டேஷனைக் கண்டுகொள்ளாது. சிவப்புக் கோடு இல்லாமல் 404 வருவது அதனால்தான். பாடம் முடியும் வரை டொம்காட் 9 போட்டுக்கொண்டு, 'டார்கெட்டட் ரன்டைம்ஸ்' பகுதியிலும் அதையே தெரிவு செய்யுங்கள். அந்த ஜார் பைலையும் எடுத்துவிடுங்கள்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு தம்பி: ஸ்பிரிங் பூட் ப்ரொஜெக்ட். போர்ட்டை 9090 ஆக்க, ரன் கொன்ஃபிகரேஷனில் ஆர்கியுமென்ட்ஸ் பக்கத்தில் எழுதினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு அண்ணா வாட்ஸப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டிப் பார்த்தேன், இப்போது மெயின் கிளாஸைக் காணவில்லை என்கிறது!

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. மேலே 'ப்ரோக்ராம் ஆர்கியுமென்ட்ஸ்', கீழே 'வீஎம் ஆர்கியுமென்ட்ஸ்'. கீழே எழுதுவது ஜாவா இயந்திரத்துக்குப் போகும். மேலே எழுதுவது உங்கள் மெயின் மெதடுக்குப் போகும். ஒரு கோடும் பெரிய 'டி'யும் போட்டுத் தொடங்குகிற எதுவும் கீழே போக வேண்டியது. அதை மேலே எழுதினால் ஜாவா அதைக் காணவே காணாது, எரரும் வராது. உங்கள் முதல் முயற்சி அப்படித்தான் போயிருக்கும். ஸ்பிரிங் பூட்டில் மேல் பெட்டியில் எழுத விருப்பம் என்றால் 'டி' வேண்டாம். இரண்டு கோடு போட்டு, சேர்வர், புள்ளி, போர்ட் என்று எழுதி சமன் 9090 போடுங்கள். இரண்டு பெட்டியிலும் வேறு வேறு எண் இருந்தால் மேல் பெட்டி சொல்வதே நிற்கும்.

இப்போது அந்த வாட்ஸப் வரி. அதன் தொடக்கக் கோட்டை உற்றுப் பாருங்கள். சாதாரண ஹைபன் போன்றே இருக்கும், கொஞ்சம் நீளமாக இருக்கும். வேர்டிலோ போனிலோ தட்டும்போது ஹைபன் தானாக நீள் கோடாக மாறிவிடுகிறது. ஜாவாவுக்கு ஹைபனில் தொடங்கினால்தான் அது ஒப்ஷன். வேறு எதில் தொடங்கினாலும் அதைக் கிளாஸ் பெயராக எடுத்துக்கொண்டு தேடும், கிடைக்காமல் நின்றுவிடும். எனக்கு இதிலேயே ஒரு முழுப் பின்னேரம் போயிருக்கிறது. அழித்துவிட்டு உங்கள் கீபோர்டில் கையால் தட்டுங்கள்.

போல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் இதே எரர்தான் வரும், இடைவெளிக்குப் பின்னால் உள்ள துண்டை ஜாவா கிளாஸ் என்று நினைத்துவிடும். முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். சந்தேகம் வந்தால் அதே ரன் கொன்ஃபிகரேஷன் ஜன்னலில் 'ஷோ கமாண்ட் லைன்' என்ற பொத்தான் இருக்கிறது. எக்லிப்ஸ் எழுதிய கட்டளை முழுவதும் வரும், எந்த இடத்தில் உடைகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: 45 செக்கனுக்குள் டொம்காட் தொடங்கவில்லை என்று நின்றுவிடுகிறது. நேரத்தைக் கூட்டினால் போதுமா?

கூட்டலாம், சேர்வர் பக்கத்தில் 'டைம்அவுட்ஸ்' என்ற இடத்தில் 120 என்று போடுங்கள். ஆனால் அதற்கு முன் கொன்சோலின் கடைசி வரியை வாசியுங்கள். பெரும்பாலும் அது எட்டாத ஒரு டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும். வீட்டு வைஃபையிலிருந்து போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினால் பழைய ஐபி முகவரி எங்கும் போய்ச் சேராது. டிபக்கில் தொடங்கினீர்கள் என்றால் தொடங்கும்போது ஓடும் கோடில் ப்ரேக்பொயின்ட் (ஓட்டத்தை நிறுத்தி வைக்கும் குறி) ஒன்று மறந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒலுவிலிலிருந்து ஒரு குழு: நாலு பேர் ஒரே ப்ரொஜெக்ட். ஒருவர் அமைத்த ரன் கொன்ஃபிகரேஷன் மற்றவர்களுக்கு கிட்டில் (கோடைப் பகிரும் கருவி) வருவதில்லை.

அது அவருடைய வேர்க்ஸ்பேஸுக்குள்ளேயே கிடக்கிறது. ரன் கொன்ஃபிகரேஷனின் 'கொமன்' பக்கத்தில் 'ஷேர்ட் பைல்' தெரிவு செய்தால் ப்ரொஜெக்டுக்குள் ஒரு லோஞ்ச் பைலாக வந்துவிடும், கிட்டில் ஏற்றலாம். சி ட்ரைவில் தொடங்கும் முழுப் பாதைகளை மட்டும் எடுத்துவிட்டு, 'வேரியபிள்ஸ்' பொத்தானில் ப்ரொஜெக்டின் இடத்தைக் குறிக்கும் மாறியைப் போடுங்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி: நான் வீஎஸ் கோட், ரியாக்ட். எஃப்5 அழுத்தினால் குரோம் திறக்குது, இணைக்க மறுத்துவிட்டது என்று வருது.

பழைய முறையில் உருவாக்கிய ரியாக்ட் ப்ரொஜெக்ட் 3000 இல் ஓடும். வீட் என்ற கருவி போட்டு உருவாக்கியது 5173 இல் ஓடும். உங்கள் லோஞ்ச் ஜேசன் பைலில் யூஆர்எல் 3000 என்றே இருக்கிறதா, பாருங்கள். 5173 ஐ வேறு ஏதாவது பிடித்திருந்தால் வீட் தானாகவே 5174 க்குப் போய்விடும், அதனால் டெர்மினலில் அது அச்சிடும் முகவரியைத்தான் நம்ப வேண்டும். இன்னொன்று, 'லோஞ்ச்' என்பது குரோமைத்தான் திறக்கிறது. டெர்மினலில் சேர்வரை நீங்கள் முன்பே ஓட விட்டிருக்க வேண்டும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி: தயிர் ஓடர் எடுக்கிற சிறு அப்ளிகேஷன் செய்கிறேன் அண்ணா, டொம்காட் 9. முகவரியில் தேற்றாத்தீவு என்று தட்டினால் கேள்விக்குறியாகச் சேமிக்குது.

எத்தனை கேள்விக்குறி என்று எண்ணுங்கள். 'தேற்றாத்தீவு' நமக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 12 குறி. 12 கேள்விக்குறி இருந்தால் தமிழ் தெரியாத ஒரு என்கோடிங்குக்குள் (எழுத்தை பைட்டாக மாற்றும் முறை) எழுத்துகளைத் திணித்திருக்கிறது, அவை தொலைந்தே போய்விட்டன. கேள்விக்குறிக்குப் பதில் புரியாத லத்தீன் எழுத்துகள் நீளமாக வந்தால் நல்ல செய்தி. யூடிஎஃப்-8 இல் குறிக்கு மூன்றாக 36 பைட்டும் பத்திரமாக இருக்கின்றன, பிழையாக வாசிக்கப்படுகின்றன, அவ்வளவுதான்.

உங்களுக்குக் கேள்விக்குறி என்பதால் டேட்டாபேஸிலிருந்து தொடங்குங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் அட்டவணை 'யூடிஎஃப்8எம்பி4' ஆக இருக்க வேண்டும். அப்புறம் சேர்வ்லெட்டில், முதல் பெராமீட்டரை வாசிப்பதற்கு முன்பே ரிக்வெஸ்டின் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று அமைக்க வேண்டும். வாசித்த பிறகு அமைத்தால் பலன் இல்லை. ஜாவா 17 அல்லது அதற்கு முந்தியது என்றால் வீஎம் ஆர்கியுமென்ட்ஸில் பைல் என்கோடிங்கையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள், ஜாவா 18 முதல் அது தானாகவே அப்படித்தான். கொன்சோலில் மட்டும் கேள்விக்குறி என்றால் 'கொமன்' பக்கத்தில் என்கோடிங்கை மாற்றினால் போதும். ஏற்கெனவே சேமித்த முகவரிகளை மட்டும் திரும்பத் தட்டித்தான் ஆக வேண்டும், தங்கச்சி. ஓடர் தந்தவர்களின் தொலைபேசி இலக்கங்கள் பழுதாகியிருக்காது, ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுவிடலாம்.